முத்திரை இல்லாத போத்தல்

ரெயில் லண்டனில் ஹரோவை நெருங்கும்போது மெற்றில்டா மகளுக்கு மறுபடியும் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் யாழ்ப்பாணத்தில் எவடம் என்று கேட்டால் ரவுண், அதாவது பட்டணம், என்று மட்டும் சொல்ல வேண்டும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வாளாம். அருள்மலர் மடியிலிருந்த வைன் போத்தலைப் பிடித்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அது 1993. அவளும் ஜெறோமும் ஒருவரையொருவர் விரும்பி இரண்டு வருடமாகியிருந்தது. தகப்பனில்லாத அவனுக்குப் பெரியப்பா பஸ்தியாம்பிள்ளைதான் எல்லாம். அவர் தலையசைத்தால்தான் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசையில் அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசிக்கக் கொடுக்கலாம்.

பஸ்தியாம்பிள்ளைக்கு வைன் என்றால் உயிர். அவர் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையத் திறக்காத போத்தல்கள். எல்லாம் இத்தாலியின் ஒரே மலைப் பிரதேசத்தவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் அரசாங்க முத்திரைப் பட்டி. வைன் இறக்குமதிக் கம்பனியில் வேலை செய்யும் பெண் என்றதும் மனிதர் பாதி சம்மதித்துவிட்டார் என்று ஜெறோம் சொல்லியிருந்தான்.

ஜெறோமும் பக்கத்திலிருக்க, அருள்மலர் கொடுத்த போத்தலைப் பஸ்தியாம்பிள்ளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுத்தில பட்டியைக் காணேல்லை, பிள்ளை."

கம்பனி அனுப்பி அந்த மலைக்குப் போய்வந்தவள் அவள். மலையின் பெயரைப் போட எல்லைக்குள் இருக்கும் தோட்டங்களுக்கு மட்டுமே உரிமை என்றும், எல்லை ஒரு ரோட்டு வழியே ஓடுகிறது என்றும் சொன்னாள். இந்த வைனைச் செய்யும் குடும்பத்துக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் தோட்டம் உண்டு. அதே கொடி, அதே மண். மேலே விளைந்ததற்குப் பட்டியும் பெயரும். கீழே விளைந்தது வெறும் மேசை வைன், தரவரிசையில் கடைசி.

"அப்ப இது கீழ்ப்பக்கமோ?"

"ஓம் அங்கிள். எனக்கு இதுதான் பிடிச்சது."

கோடு என்று ஒன்று இருந்தால்தான் தரம் நிற்கும் என்று சிரித்தார். போத்தலை அலமாரியில் வைக்கவில்லை. சோபாக் காலடியில் வைத்தார். பிறகு மெற்றில்டாவின் பக்கம் திரும்பி, ஊரில் எவடம் என்று கேட்டார்.

"ரவுண்," என்றாள் மெற்றில்டா.

"ரவுணில எந்தக் கோயில் பங்கு?"

மெற்றில்டாவின் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டின. எந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தால் எந்தச் சாதி என்றும் தெரிந்துவிடும்.

"கடற்கரைப் பங்கு, அங்கிள்," என்றாள் அருள்மலர். "ரோட்டுக்குக் கீழ்ப்பக்கம். அப்பா வலை இழுத்தவர். மீன் பட்ட நாளில உங்கட பக்கத்து ஆக்களும் எங்கட வாசலிலதான் நிண்டவை."

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த பெரியம்மா பியற்றிஸ் கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

"நீ இதைச் சொல்லேல்லையே," என்றார் அவர் ஜெறோமிடம்.

"நீங்கள் கேக்கேல்லையே, பெரியப்பா."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அருள்மலர் குனிந்து காலடியிலிருந்த போத்தலை எடுத்துக்கொண்டாள்.

"ஆறுதலா யோசியுங்கோ, அங்கிள். ஓலையை வாற ஞாயிறே வாசிக்கக் குடுக்கிறம். கல்யாணத்தண்டைக்கு இதைத்தான் ஊத்துவம். வந்தால் உங்களுக்கும் ஒரு கிளாஸ்."

அவள் வாசலை அடையுமுன் ஜெறோம் தன் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டான்.

பிளாற்போமில் மெற்றில்டா ரெயில் வெளிச்சம் தெரிந்தபோது மகளின் கையிலிருந்த போத்தலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதில எத்தினை பெட்டிக்கு ஓடர் சொல்லப் போறாய்?"

"நாலு, அம்மா."

"காணாது. எங்கட கடற்கரைச் சனம் முழுக்க வரும். கூடச் சொல்லு."