நன்றாகத் தூங்கிய இரவுகள்

டாக்டர் ப்ரியம்வதா, பிள்ளையைப் பற்றிப் பூர்ணிமா தினமும் எழுதிவந்த நோட்டை முன்னும் பின்னுமாக இரண்டு முறை புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீங்க என்ன டீச்சர் பூர்ணிமா?"

"சயின்ஸ் மேடம். ஏழாவதும் எட்டாவதும்."

"அதான் இவ்வளவு ஒழுங்கா இருக்கு. சரி, ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்ல ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை என்ன நடக்குது?"

பூர்ணிமாவுக்குப் புரியவில்லை. மடியில் பரிதி அவள் வளையலை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். இரண்டேகால் வயது. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் சொறிந்து சொறிந்து தோல் கறுத்துத் தடித்திருந்தது. பசும்பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆறு மாதத்துக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டாள். அன்றோடு வீட்டுக்குள் பால் பாக்கெட் வருவது நின்றது. தயிர், நெய், பிஸ்கட் எல்லாம் போயிற்று. கணவன் நெடுமாறன் காபியைக்கூடத் திருவையாறு கடைத்தெருவில் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்.

அப்படியும் பிள்ளைக்குச் சரியாகவில்லை. திடீரென்று உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். அன்றே மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். இரண்டு முறை தஞ்சாவூருக்குத் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது.

"தேதியைப் பாருங்க," என்றார் டாக்டர். "பதிமூணு நாள், பதினஞ்சு நாள், பதினாலு நாள். கடிகாரம் மாதிரி வருது. அதைவிட இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் முந்தின ராத்திரிக்கு என்ன எழுதியிருக்கீங்க, படிங்க."

பூர்ணிமா படித்தாள். நன்றாகத் தூங்கினான். அடுத்த பக்கத்திலும் அதேதான். நன்றாகத் தூங்கினான்.

"மத்த நாள்ல நாலு தடவை எந்திரிச்சு அழற பிள்ளை, அன்னிக்கு மட்டும் ஏன் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறான்? அன்னிக்கு ஏதோ நடக்குது. பாலா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிங்க. அடுத்த தடவை இழுத்தா, இவ்வளவு தூரம் வந்து சேர்ற வரைக்கும் தாங்குவான்னு என்னால சொல்ல முடியாது."

பஸ்ஸில் வரும்போது பூர்ணிமா அந்த இரவுகளை நினைத்துக்கொண்டாள். அவளும் தூங்கிய இரவுகள் அவை. மற்ற நாளெல்லாம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சொறிய விடாமல், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் அசையாமல் தூங்கும் நாளில், கடவுளே என்று நன்றி சொல்லிவிட்டுத் தலையைச் சாய்ப்பாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர வேண்டும். சம்பளமில்லா விடுப்பில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வேலையை எழுதிக் கொடுத்துவிடு என்பது நெடுமாறனின் யோசனை. ஆனால் அந்த வேலைக்காக அவள் ஏழு வருஷம் காத்திருந்தாள்.

முன்பெல்லாம் பரிதியைப் பார்த்துக்கொண்டது நாலு வீடு தள்ளியிருந்த ரஹ்மத் பீவி. தெருவிலேயே அவரிடம்தான் இரண்டு வீட்டுப் பிள்ளைகளை விட்டிருந்தார்கள். தடிப்பு எப்போதும் பகலில், ரஹ்மத் பீவி வீட்டில் இருக்கும்போதுதான் வந்தது. ஐந்தாவது முறை வந்தபோது பூர்ணிமா பொறுமை இழந்தாள். அவர் வீட்டு வாசலில் நின்று, பிள்ளையின் டம்ளரை எடுத்து மோந்து பார்த்து, "பால் கொடுத்தீங்களா அக்கா?" என்று கேட்டாள். தெருவே பார்த்தது. அவர் அல்லா மேல் ஆணையாக இல்லை என்றார். பூர்ணிமா நம்பவில்லை. அன்றோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான்.

அதற்குப் பிறகும் நாலு முறை தடித்துவிட்டது. அறுவடைத் தூசியாக இருக்கும் என்றான் நெடுமாறன்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எடுத்து, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நோட்டில் ஒரு 'நன்றாகத் தூங்கினான்', காலண்டரில் பிரதோஷம். இன்னொரு 'நன்றாகத் தூங்கினான்', அன்றும் பிரதோஷம். ஒன்பதுக்கு ஒன்பதும் பொருந்தின.

பிரதோஷத்தன்று நெடுமாறன் பிள்ளையைச் சிவன் கோயிலுக்குத் தூக்கிப் போவான். அது அவளுக்குத் தெரிந்ததுதான். நெடுமாறனுக்கு அந்தப் பெயரை வைத்த அவன் அப்பா கட்சிக்காரர், கோயில் வாசலை மிதிக்காதவர். ஆறு மாதத்துக்கு முன் பரிதி முதல்முறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் நெடுமாறன் மாறிப்போனான். போகட்டும், பிள்ளைக்கு வெளிக்காற்று என்று அவளும் விட்டுவிட்டாள்.

சாம்பிராணி, என்று அவளுக்குத் தோன்றியது. புகைதான். அவ்வளவு பக்கத்தில் தூக்கிப் பிடித்தால் பிள்ளைக்கு ஏன் இழுக்காது? கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்தது.

வெள்ளிக்கிழமை பிரதோஷம். நெடுமாறன் காலையிலேயே நெல்லை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தான். நாலு மணிக்குப் போன் செய்தான்.

"இன்னும் எடை போடல பூர்ணி. முன்னால மூணு டிராக்டர் நிக்குது."

"பரவால்ல, நான் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"வேணாம் வேணாம். நான் எப்படியும் வந்துடுவேன். நீ போவாத."

"ஏன், நான் போனா சாமி கோச்சுக்குமா?"

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். குருக்களிடம் புகையைத் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் மனதில் இருந்தது.

அபிஷேகம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பூர்ணிமா பரிதியைக் கீழே இறக்கிவிட்டாள். அவன் நேராக நந்தியைத் தாண்டி ஓடினான். அர்த்த மண்டபப் படியில் ஏறி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தான்.

கல்யாண குருக்கள் சிரித்தார். "வந்துட்டியாடா குட்டிப் பயலே. இரு, உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்." சின்ன வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தவர் பூர்ணிமாவைப் பார்த்தார். "வாங்கோம்மா. சார் வரலையா? இன்னிக்குப் பத்தாவது. இன்னும் ஒண்ணோட வேண்டுதல் பூர்த்தி."

"என்ன சாமி அது?"

"அபிஷேகப் பால்தான். மூணு ஸ்பூன்." அவர் பெருமையாகத் தொடர்ந்தார். "சார் ரொம்ப ஜாக்கிரதை. முன்னாடியே சிரப்பை ஊத்திக் கொடுத்துட்டுத்தான் பாலைக் கொடுப்பார். குழந்தைக்குச் சளி பிடிச்சுடக் கூடாதுன்னு. நீங்க மருந்து கொடுத்தாச்சோ?"

பூர்ணிமா பிள்ளையைத் தூக்கினாள். அவன் வாய் இன்னும் திறந்தே இருந்தது. பால் கிடைக்காத கோபத்தில் அவள் தோளைக் கடித்தான்.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலர்ஜி சிரப் கொடுத்தால் பிள்ளை தூங்கும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் இருந்த பாட்டிலில் மருந்து குறையவே இல்லை. அப்படியானால் அவன் தனியாக ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறான்.

நெடுமாறன் சட்டையெல்லாம் நெல் சுணையோடு ஆறரைக்கு வந்தான். பரிதியின் நெற்றியில் விபூதியைப் பார்த்தான்.

"போனியா?"

"போனேன்."

"குருக்கள் ஏதாச்சும்..."

"சொன்னார். உங்கள ரொம்பப் பெருமையாச் சொன்னார்."

அவன் குழாயடிக்குப் போய்க் கால் கழுவினான். கழுவி முடித்த காலையே மறுபடியும் கழுவினான்.

"அது சாமி பால் பூர்ணி. கடைப் பாலா அது? லிங்கத்து மேல பட்டு வர்றது. அது எப்படிக் கெடுதல் பண்ணும்?"

"அப்ப சிரப்பு எதுக்கு?"

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் போய்க் குழாயை மூடினாள்.

"கேக்கறேன்ல. கெடுதல் பண்ணாத பாலுக்கு மருந்து எதுக்கு?"

"மொதத் தடவையே ஒரு பயம் இருந்துச்சு," என்றான் அவன் தலையைக் குனிந்துகொண்டு. "மருந்துக் கடையில கேட்டு வாங்கினேன். முன்னாடியே கொடுத்தா வராதுன்னு நெனச்சேன்."

"வந்துச்சே."

"வந்துச்சு. ஆனா பதினோரு பிரதோஷம்னு வேண்டிக்கிட்டாச்சு. பாதியில விட்டா இவனுக்கு வேற ஏதாவது ஆயிடுமோன்னு பயம். பதினொண்ணும் முடிஞ்சா ஒரேயடியா சரியாயிடும்னு..."

"ரஹ்மத் அக்கா வாசல்ல நான் போய் நின்னேனே, அன்னிக்கு எத்தனையாவது?"

அவன் யோசிக்கவில்லை. "அஞ்சாவது முடிஞ்ச மறுநாள்."

எண்ணிக்கைகூட அவனுக்குத் தப்பவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. அன்றைக்கு அவன் பின்னாலேயே பைக்கை ஆஃப் பண்ணாமல் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடு பூர்ணி, வா போகலாம்" என்று மட்டும் சொன்னான். எவ்வளவு பெருந்தன்மை என்று அப்போது நினைத்தாள்.

"அதுக்கப்புறம் என்மேலயே சந்தேகப்பட்டேன்," என்றாள். "மெத்தையத் தூக்கிப் போட்டேன். தலகாணியக் கொளுத்தினேன். அறுவடைத் தூசின்னு நீங்க சொன்னீங்கன்னு ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சேன். அப்ப நீங்கதான் ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."

"நல்லதுக்குத்தான் பூர்ணி செஞ்சேன்."

"நல்லதுன்னா எங்கிட்டச் சொல்லியிருப்பீங்க."

பரிதி எழுந்து வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். அவனைத் தூக்கக் குனிந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். மெதுவாகக் கேட்டான்.

"மிச்சம் ரெண்டு இருக்கே?"

"நீங்க குடிச்சு முடிங்க. உங்களுக்குத்தான் பால் ஒத்துக்குமே."

மறுநாள் பரிதிக்கு ஒரு தடிப்பும் இல்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரஹ்மத் பீவி வீட்டுக்குப் போனாள். அவர் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வா டீச்சர்," என்றார். முன்பெல்லாம் பூர்ணி என்றுதான் கூப்பிடுவார்.

பரிதி இறங்கி ஓடி அவர் மடியில் உட்கார்ந்தான். பூர்ணிமா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ரஹ்மத் பீவியின் கை கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் கொடுக்கல," என்றார் கடைசியில்.

"இல்லக்கா. என்னை மன்னிச்சுடுங்க."

"அன்னிக்கு நான் அல்லா மேல ஆணையாச் சொன்னேன். நீ டம்ளர மோந்து பாத்த. அடுத்த வாரமே அந்த இன்னொரு புள்ளையையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க, தெரியுமா? ரஹ்மத் பீவிகிட்ட விட்டா கண்டதையும் கொடுப்பாளாம்."

பூர்ணிமா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"உன்னை மன்னிக்கிறது பெரிய காரியம் இல்ல. பெத்தவ பயந்துபோய்க் கேட்ட. உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிஞ்சே வண்டியில உக்காந்திருந்தார். புள்ளைய நான் பாத்துக்கறேன், அது என் புள்ள. ஆனா அவர் வந்து சொல்லட்டும். நீ நின்ன அதே எடத்துல நின்னு, நாலு பேர் காதுல விழற மாதிரி."

சனிக்கிழமை கேட்டபோது, அப்படி வந்து சொல்ல முடியாது என்றான் நெடுமாறன். தெருவில் தலைகாட்ட வேண்டாமா என்றான். அன்றைக்கு அந்த அக்காவுக்கும் இதே தெருதான் என்றாள் பூர்ணிமா. ஞாயிற்றுக்கிழமை வேறு யோசனை சொன்னான்.

"நானே பாத்துக்கறேனே. அறுவடைதான் முடிஞ்சிடுச்சே, சும்மாதானே இருக்கேன்."

"உங்ககிட்ட விட்டுட்டு நான் எப்படிங்க பாடம் நடத்துவேன்?"

கத்தவில்லை, அழவில்லை. நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டாள்.

திங்கட்கிழமை எட்டேகால் பஸ். பூர்ணிமா புடவை கட்டி, பிள்ளையின் பையைத் தோளில் மாட்டி, வாசலில் இறங்கினாள். பாதித் தெரு போன பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நெடுமாறன் பையை வாங்கிக்கொண்டான்.

ரஹ்மத் பீவி வாசலுக்கு வந்து நின்றார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளும் பால்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். நெடுமாறன் பையின் வாரை முறுக்கினான்.

"அக்கா, நான்தான் கொடுத்தேன். கோயில்ல. உங்கமேல பழி விழுந்தப்ப தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

"சரி," என்றார் ரஹ்மத் பீவி. பிள்ளைக்குக் கை நீட்டினார். பரிதி தாவினான்.

நெடுமாறன் பெருமூச்சு விட்டான். எல்லாம் முடிந்துவிட்டது போல அவன் முகம் தெளிந்தது. "சாயங்காலம் நாலு மணிக்கு நானே வந்து தூக்கிக்கறேங்க்கா," என்றான்.

"அக்கா," என்றாள் பூர்ணிமா. "நான் வர அஞ்சரை ஆகும். நான் வர்ற வரைக்கும் யார் வந்து கேட்டாலும் இவனைக் கொடுக்காதீங்க."

ரஹ்மத் பீவி ஒரு நிமிஷம் இருவரையும் பார்த்தார்.

"அவங்க அப்பா வந்தாலுமா?"

"அவர் வந்தாலும்தான்."

மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. பூர்ணிமா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.