யாரைப் பார்க்க வேண்டும்

சந்திரமௌலி வேலையை விட்ட மறுநாளும் அதே ஆபீசுக்குத்தான் போனார். அதே ஓக்லா தொழிற்பேட்டை, அதே மூன்றாவது மாடி, அதே ஜன்னலோர நாற்காலி. மின்கோபுர வரைபடங்களில் எந்த மூட்டில் எத்தனை போல்ட் என்று சரிபார்க்கிற அதே வேலை. இருபத்தோரு வருஷம் பெர்மனென்டாகச் செய்ததை இனிமேல் கான்ட்ராக்டில் செய்யப்போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று குடியிருக்கும் ஜனக்புரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். விசிட்டிங் கார்டு வேறு அடித்துக்கொண்டார். அதில் பெயருக்குக் கீழே 'ப்ரொப்ரைட்டர்' என்று போட்டிருந்தது. எதற்கு ப்ரொப்ரைட்டர் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அவரிடம் இருந்தது ஒரு லேப்டாப், ஒரு கால்குலேட்டர்.

வித்தியாசம் கேட்டில்தான் தெரிந்தது. கான்ட்ராக்ட்காரர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தால் நாளைக்கு அவர்களும் ஊழியர்கள்தான் என்று கோர்ட்டுக்குப் போவார்கள், கொடுக்காதீர்கள் என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தாராம். அதனால் தினமும் காலையில் விசிட்டர் ரிஜிஸ்தரில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க வேண்டும், போன நேரம். மூன்றாவது கட்டத்தில், போகிற பிரிவின் பெர்மனென்ட் ஊழியர் ஒருவர் பெயர் இருந்தே ஆக வேண்டும். காவலாளி ராவத் இன்டர்காமில் அவரைக் கூப்பிட்டுக் கேட்பான். அவர் அனுப்பு என்றால்தான் கதவு திறக்கும்.

பன்னிரண்டு வருஷமாக சலாம் வைத்த ராவத், அன்றைக்குப் பேனாவை நீட்டினான்.

"கிஸ்ஸே மில்னா ஹை, சாப்?"

யாரைப் பார்க்கணும் என்று என்னையா கேட்கிறான்! சந்திரமௌலிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சிரித்துவைத்து, 'மதன்' என்று எழுதினார்.

மதன் அவருக்குப் பக்கத்து மேஜை. வேலூர்ப் பக்கத்துப் பையன், பையன் என்றால் நாற்பத்தொரு வயது. இன்டர்காம் ஒரு மணி அடிப்பதற்குள் எடுத்து, "சார் வந்துட்டாரா? அனுப்புப்பா, பேஜ் தோ" என்பான். இன்டர்காம் கெட்டுப்போன நாட்களில் மூன்று மாடி இறங்கி வந்து அழைத்துப் போவான். ஒரு வருஷம், ஒருநாள் தவறாமல்.

வீட்டில் லதாவுக்கு இந்த ரிஜிஸ்தர் விஷயம் தெரிந்தபோது பொறுக்கவில்லை. "தினம் யாரோ அனுப்புன்னு சொன்னாத்தான் உள்ள போவேளா? இருபத்தோரு வருஷம் உழைச்ச இடத்துலயா?"

"அதெல்லாம் ஃபார்மாலிட்டி. உனக்குப் புரியாது" என்று வாயை அடைத்தார்.

வரைபடப் பிரிவில் மொத்தம் ஒன்பது பேர். எச்.ஆர். அதிகாரி அரோராவுக்கு ஒன்பது பேரையும் கான்ட்ராக்டுக்கு மாற்ற வேண்டும். சந்திரமௌலி முதல் ஆள். முதல் ஆளுக்கு ரேட் கூட, டீ கூட, மரியாதையும் கூட. அரோரா அவரை 'மௌலி ஜி' என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தயங்குகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைப்பான். "இவரைப் பாருங்கள், எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்!" சந்திரமௌலியும் வாயெல்லாம் பல்லாக, "நமக்கு நாமே முதலாளி" என்பார். தன்னைப்போல அவர்களுக்கும் ரேட் கூட்டிக் கொடுக்கவில்லை என்று தெரிந்தும் சொல்லவில்லை. ஏழு பேர் விழுந்தார்கள். அந்த ஏழு பேரும் காலையில் ரிஜிஸ்தரில் மதன் பெயரையே எழுதினார்கள்.

மிச்சம் இருந்தது மதன் ஒருவன்தான்.

மார்ச் மாதம் அரோரா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். "மௌலி ஜி, உங்கள் ஒரு வருஷக் கான்ட்ராக்ட் முடிகிறது. மூன்று வருஷத்துக்குத் தயார் செய்து வைத்திருக்கிறேன். மதனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அவர் கையெழுத்து ஒரு பக்கம், உங்களுடையது ஒரு பக்கம்."

மூன்று வருஷம். மகள் அனன்யாவின் காலேஜ் முடிய சரியாக மூன்று வருஷம்தான் பாக்கி. கிடைக்காவிட்டால் ஐம்பது வயதில் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போய் நிற்க வேண்டும்.

மதன் ஏன் அசையவில்லை என்பது ஆபீசுக்கே தெரியும். அவன் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். அத்தனையும் கம்பெனி இன்ஷூரன்சில் ஓடுகிறது. வேலையை விட்டால் அது அன்றோடு போய்விடும். வெளியில் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு மூன்று வருஷம் பைசா தரமாட்டார்கள். டயாலிசிஸ் கேஸ் என்றால் பாலிசியே தருவார்களா என்பது சந்தேகம். சந்திரமௌலிக்கு இது நன்றாகவே தெரியும். தன் சர்க்கரைக்காகப் பாலிசி எடுத்தபோது அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்து, ஏமாந்துபோனது வெளியே தெரிய வேண்டாம் என்று மடித்து உள்ளே வைத்தவர் அவர்.

விஷயத்தைக் கேட்ட லதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவாத்துல அப்பாவுக்கு என்ன பண்ணுவா?"

"அது அவன் கவலை. அனன்யா உன் கவலை."

அதற்குமேல் லதாவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கான்டீனில் மதன் தன் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதத்தைப் பாதி எடுத்து அவருக்கு வைத்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "ஒண்ணே ஒண்ணுதான் சார் இடிக்குது. அப்பாவோட டயாலிசிஸ்" என்றான்.

"வெளியில ஆயிரம் பாலிசி இருக்குப்பா. நான் எடுக்கலையா?"

"முன்னாடியே இருக்கற வியாதிக்குக் குடுப்பாங்களா சார்?"

சந்திரமௌலி எலுமிச்சை சாதத்தை மென்று விழுங்கினார். "எல்லாம் குடுப்பான்."

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்றான் மதன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். சந்திரமௌலியும் தன் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். தான் ஒரு அயோக்கியன் என்று சந்திரமௌலிக்கு மெட்ரோவில் தோன்றத்தான் செய்தது. ஜனக்புரி வருவதற்குள் அது அடங்கிவிட்டது. இறங்கி அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை, ப்ரொப்ரைட்டர் இல்லையா, பத்து மணிக்கு சாவகாசமாக வந்தார். எதிர் டீக்கடையில் ஏழு பேரும் நின்றிருந்தார்கள். ஒருவரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. கேட்டுக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் 'மதன்' என்று எழுதிய பிறகுதான் மேலே பார்த்தார். ஏழு வரி. ஏழிலும் மதன். ஏழையும் ராவத் சிவப்பு மையில் அடித்திருந்தான்.

"மதன் சாப் கார்டை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டார்" என்றான் ராவத். "உங்கள் பிரிவில் பெர்மனென்ட் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். கூப்பிடுகிறேன்."

ஆயிரக்கணக்கான கோபுரங்களில் எந்தச் சட்டத்தைக் கழற்றினால் எது சாயும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், இதை மட்டும் யோசிக்கவில்லை.

அரோராவுக்குப் போன் போட்டார். உடனே எடுத்தான். "முபாரக், வாழ்த்துகள் மௌலி ஜி! மூன்று வருஷம் கையெழுத்தாகிவிட்டது. மெயில் பாருங்கள்."

"உள்ளே விடமாட்டேன் என்கிறான்..."

"எதற்கு வெயிலில் அலைகிறீர்கள்? அந்தப் பிரிவையே இன்றிலிருந்து மூடிவிட்டோம். படமெல்லாம் இனிமேல் புனேயில் பார்ப்பார்கள். வேலை இருந்தால் நாங்களே கூப்பிடுவோம். ஒப்பந்தத்தில் இருக்கிறதே, நாலாவது பக்கம்."

நாலாவது பக்கத்தில் இருந்தது. தேவைப்படும்போது அழைக்கப்படுவார், அழைத்த நாளுக்கு மட்டும் ஊதியம். பெர்மனென்ட் ஆட்கள் இருக்கும்போது பிரிவை மூடினால் ஒன்பது பேருக்கும் நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அரோரா ஒரே ஒரு ஆளுக்கு ஒரு வருஷம் டீ வாங்கிக் கொடுத்தான், வேலை முடிந்தது.

அப்போதுதான் மதன் வந்தான். தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ். ராவத் பேனாவை நீட்டியதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்றாவது கட்டத்தில் 'சந்திரமௌலி' என்று எழுதினான்.

"வேற யார் பேரை எழுதறது சார்? நீங்கதான் சீனியர்" என்று சிரித்தான். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். "நல்லவேளை, இங்கயே பாத்துட்டேன். நாளைக்குக் காலைல அப்பாவுக்கு டயாலிசிஸ். பழைய கார்டு செல்லாதுன்னு இப்பதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. உங்க பாலிசியையே எடுத்துடறேன். எப்பலேர்ந்து குடுப்பாங்க?"

இன்னொரு பொய் சொல்லியிருப்பார். சொல்லித் தப்ப இந்தத் தடவை உள்ளே போக ஒரு கதவு இல்லை.

"மூணு வருஷம் ஆகும், மதன்."

மதன் படிவத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "இது உங்களுக்கு எப்ப தெரியும் சார்?"

"போன வருஷமே."

அடிப்பான் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். மதன் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான்.

"ஒரு வருஷமா தினம் காலைல நான்தான் சார் உங்களுக்குக் கதவு திறந்துவிட்டேன்."

ராவத்திடமிருந்து பேனாவை வாங்கி, தான் எழுதிய 'சந்திரமௌலி'யைத் தானே அடித்தான். பக்கத்தில் போன நேரத்தைப் போட்டுவிட்டு மெட்ரோவைப் பார்த்து நடந்தான். டிபன் பாக்ஸ் ரிஜிஸ்தருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஒரு லாரி ஹாரன் அடித்தது. ராவத் அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, ரிஜிஸ்தரை அவர் பக்கம் திருப்பினான்.

"போன நேரம் போடுங்கள், சாப்."

"நான் உள்ளேயே போகலையே."

"போட்டாக வேண்டும். ரூல்."

சந்திரமௌலி மணி பார்த்து எழுதினார். பத்து இருபத்தைந்து.