ஏசி போட்டால் வரும் வாடை

காருக்குள் தலையை விட்டதுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் எலுமிச்சை வாசனை அட்டை, ஏசித் துவாரத்தில் செருகிய ரோஜா வில்லை, பின்சீட்டுக்கு மேல் ஏதோ ஒரு டப்பா. இத்தனைக்கும் அடியில், ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோன மாதிரி ஒரு வாடை. இந்த வண்டியைத்தான் என் வீட்டுக்காரர் தினமும் வாடகைக்கு ஓட்டுகிறார். மனுஷன் மூக்கைக்கூடச் சுளித்ததில்லை.

இவருடைய வாடிக்கைக்காரர் டீச்சரம்மா நேற்று சொல்லிவிட்டாராம்: "தம்பி, திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா நான் வேற வண்டி பாத்துக்கறேன். வயித்தைப் புரட்டுது." ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர் அவர். வேறு யார் வண்டியிலும் ஏறமாட்டார். இவரும் வாசலிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைப்பார். அவர் வேறு வண்டிக்குப் போய்விட்டால் இவருக்கு மனசே விட்டுப்போகும். இன்று ஞாயிற்றுக்கிழமை.

"வாசனைச் சாமானையெல்லாம் கழட்டுங்க," என்றேன்.

"நாத்தம் போகத்தானே மாட்டியிருக்கேன்."

"செத்த எலிக்கு சென்ட் அடிச்ச மாதிரி இருக்கு. கழட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். வாடையை இழுக்கட்டும் என்று காருக்குள் வைக்கக் கொண்டுவந்த காப்பித்தூளில் ஒரு பிடி அள்ளி, மூடிய கையை அவர் மூக்கருகே நீட்டினேன். "என்னன்னு சொல்லுங்க பாப்போம்." சும்மா வம்புக்குத்தான்.

"சோப்புத்தூள்," என்றார் பட்டென்று.

கையைத் திறந்து காட்டினேன். அவர் தூளைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. எந்த வாசனையும் தெரியலை. திரும்ப வந்தாலும் வரலாம்னார் டாக்டர்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா, பெட்ரோல் ஒழுகினாக்கூடத் தெரியாது, வண்டியைத் தொடாதேம்பே."

சொல்லியிருப்பேன்தான். ஆனால் எனக்கு வேறொன்று உறைத்தது. ஒரு வருஷமாகப் பால் அடிப்பிடித்தாலும், எண்ணெய் காறினாலும், "நல்லாருக்கு" என்று சாப்பிட்டு எழுந்துபோன ஆள் இவர். ஒருவழியாக மனுஷன் திருந்திவிட்டார் என்று தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது, அதைவிட என்மேல் வந்தது. கண் கலங்கியது. அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் வண்டி.

"ஏசியைப் போடுங்க."

போட்டதும் வாடை முகத்தில் அறைந்தது. அணைத்தால் கொஞ்சம் அடங்கியது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கீழே மிதியடியை எடுத்துவிட்டுத் தடவினேன், மேலே காய்ந்துதான் இருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்து சொதசொதவென்று தண்ணீர் ஊறி வந்தது.

"மகராசன் இங்க குடியிருக்கார்," என்றேன்.

அதைக் கேட்டதும் அவருக்கு உயிர் வந்தது. "ஏசித் தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்கும். உள்ள வடிஞ்சிருக்கு." கம்பியோடு வண்டிக்கு அடியில் படுத்துக் குத்தினார். சேறும் தண்ணீருமாக முழங்கை நனைய ஊற்றியது. கார்ப்பெட்டைப் பிய்த்தெடுத்தால் அடிப்பஞ்சு கறுத்துப் பூசணம் பிடித்துக் கிடந்தது. ஏசி ஃபில்டரில் ஒரு சாண் தூசி. அவர் கழற்றுவார், நான் முகர்வேன். "இதையும் தூக்குங்க, அது போதும், இன்னும் உள்ள" என்று நான் சொல்லச் சொல்ல, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளாக இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை.

பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரைத் தகட்டை சோப்புப் போட்டுத் தேய்த்தோம். புது ஃபில்டர் மாட்டினார். நாலு கதவையும் திறந்துபோட்டு வெயிலில் காயவிட்டோம்.

சாயங்காலம் ஏசியைப் போட்டுவிட்டு அவர் தள்ளி நின்றார். "பாத்துச் சொல்லு. எனக்காகச் சொல்லாதே. நாளைக்கு அந்தம்மா ஏறணும்."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஆழமாக இழுத்தேன். குனிந்து தரையோரம் இழுத்தேன். பின்சீட்டுப் பக்கம் திரும்பி இழுத்தேன்.

"ஒண்ணுமே வரலை," என்றேன்.

அவர் மறுபக்கம் ஏறி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"எனக்கும் ஒண்ணுமே வரலை," என்றார்.

முதலில் சிரித்தது அவர்தான். என் கால்களுக்குக் கீழே வெறும் தகடு சில்லென்றிருந்தது. ஏசிக் காற்று எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடிக்க, இன்னொரு தடவை சேர்ந்து இழுத்தோம்.