எலும்பு இல்லாத இடத்தில் வெள்ளை

1

இந்தக் கதை ஒரு எக்ஸ்ரே படத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று பெருமையடித்தால் அக்கா சிரிப்பாள். என் கதைகளுக்கு முதல் வாசகி அவள். இந்தக் கதையில் வருகிறவளும் அவளே.

குளியலறை வாசலில் கால் பிசகி விழுந்தாள். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்கப் படம் எடுத்தார்கள். முறியவில்லை. ஆனால் எலும்புகளுக்கு வெளியே, எதுவும் தெரியக் கூடாத கருப்பில், மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டு கணுக்காலைத் தாண்டி விரல்கள்வரை ஓடியிருந்தன.

"இது என்ன டாக்டர், நரம்பா?" என்று கேட்டேன்.

"ரத்தக்குழாய். சாதாரணமா எக்ஸ்ரேல தெரியாது. சுவர்ல கால்சியம் படிஞ்சிருக்கு, அதான் தெரியுது" என்றார் டாக்டர். சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர், எங்களைவிட ரொம்ப இளையவர்.

அக்கா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கோடு சுத்தமாத்தான் போட்டிருக்கு" என்றாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் காலமெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதில் பிள்ளைகளை ஓடவிட்ட விளையாட்டு டீச்சர் அவள். கோட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டையும் நீங்கள் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் அவள் காற்றைப் போல ஓடி— (வேண்டாம். அவள் அவளைப் போலத்தான் ஓடினாள்.)

மனித உடலில் சிறுநீரகம் என்பது இரண்டு— (பாடப்புத்தகம்.)

எங்கள் அப்பா பால் டிப்போ மேனேஜர். (இது இருக்கட்டும்.)

டிப்போவுக்குப் பின்னால் எங்கள் வீடு. கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தத்தில்தான் கண் விழிப்போம். ஈரத் தரை, ஐஸ் புகை, வரிசையில் நிற்கிறவர்களின் தூக்கக் கலக்கம். பாட்டில் மூடிகள் பளபளக்கும் தாளில் இருக்கும். சிவப்பு மூடி போட்டது கெட்டிப்பால். அக்கா அந்த மூடிகளை நகத்தால் நீவி, சுருக்கம் எடுத்து, மெடல் மாதிரி சட்டையில் குத்திக்கொள்வாள்.

வேலை முடிந்ததும் அப்பா ஆளுக்கொரு டம்ளர் நீட்டுவார். "குடிங்க. எலும்பு இரும்பாகும்." நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி குடிப்பேன். மீதியை அவர் பார்க்காத சமயத்தில் அக்கா குடித்துவிடுவாள். அவள் ஓட்டப் பந்தயங்களில் கோப்பை கோப்பையாக வாங்கி வந்ததற்கும், நான் உட்கார்ந்து எழுதுகிறவனாகப் போனதற்கும் அதுதான் காரணம் என்பது எங்கள் வீட்டு ஆராய்ச்சி முடிவு.*

* அப்பா சொன்னது தப்பில்லை. பால் எலும்புக்கு நல்லதுதான், சிறுநீரகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை.

3

அத்தான் போனார். பிறகு என் மனைவியும் போனாள். அக்கா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். கிழவனும் கிழவியுமாக மறுபடி ஒரே வீட்டில் அக்கா, தம்பி. டிவி ரிமோட்டுக்குச் சண்டை. யார் கடைசி பிஸ்கெட்டைத் தின்றது என்று விசாரணை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து அவள் சிறுநீரகங்களை மெல்ல அரித்துக்கொண்டிருந்தன. கடைசியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆயிற்று.

எக்ஸ்ரே பார்த்த அன்றைக்கு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "சாப்பாட்டுல பாஸ்பரஸ்னு ஒண்ணு இருக்கு. மிச்சமானத கிட்னி வெளிய தள்ளிடும். இப்ப தள்ள முடியல. டயாலிசிஸும் முழுசா எடுக்காது. அது ரத்தத்துல ஏற ஏற, உடம்பு எலும்புல இருக்கற கால்சியத்த உருவும். எலும்பு மெலியும், ரத்தக்குழாய் கெட்டியாகும்."

"இருந்த வீட்ட காலி பண்ணிட்டு, பக்கத்து வீட்ல குடியேறிடுச்சு" என்றாள் அக்கா.

"அப்படித்தான். ஏற்கெனவே படிஞ்சத எடுக்கறது கஷ்டம். மேல படியாம பாத்துக்கலாம். இந்த மாத்திரைய சாப்பாட்டோட மென்னு சாப்பிடுங்க. கோலா, சீஸ், பாக்கெட்ல அடைச்சு வர்ற கறி எல்லாம் வேண்டாம். பாலும்."

"பாலா?"

(இந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தை எழுத ஒரு பக்கம் வீணாக்கினேன். கிழித்துவிட்டேன். பெரிய உத்தியோகத்திலிருந்து திடீரென்று நீக்கப்பட்ட ஒருவர் "நானா?" என்று கேட்பது போல் இருந்தது. இவ்வளவுதான் என்னால் முடியும்.)

4

மாத்திரை தீர்ந்தது, புது டப்பா வந்தது. ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் இறங்கவேயில்லை. கொஞ்சம் ஏறியும் இருந்தது.

ஒரு மத்தியானம் நான் வெளியே போய்விட்டுச் சீக்கிரம் திரும்பினேன். சமையலறையில் பால் காய்ச்சிய வாசனை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் ஈரம் காயாமல் இருந்தது. அக்கா ஹாலில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"பால் குடிச்சியா?"

"இல்ல."

"அப்ப இது என்ன வாசனை?"

"காய்ச்சினேன். பொங்கி வர்றப்ப பக்கத்துல நின்னேன். அப்புறம் மாடி வீட்டுப் பூனைக்கு ஊத்திட்டேன்."

நான் நம்பவில்லை. நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். கதை எழுதுகிறவனிடமே கதை விடுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த முறை ஆஸ்பத்திரியில், அவள் பக்கத்தில் இருக்கும்போதே, டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன். "பாஸ்பரஸ் ஏன் இறங்கும்? திருட்டுத்தனமா பால் குடிக்கறா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார். "மாத்திரை எப்படிம்மா சாப்பிடறீங்க?"

"காலைல எழுந்ததும் மூணையும் ஒண்ணா போட்டு மென்னுடுவேன். கடமைய காலைலயே முடிச்சிடணும். எங்க பசங்களுக்கும் அதான் சொல்லுவேன்."

"வெறும் வயித்துலயா?"

"ஆமா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது சாப்பாட்டுல இருக்கற பாஸ்பரஸை வயித்துலயே பிடிச்சு வெளிய அனுப்பற மாத்திரைம்மா. வயித்துல சாப்பாடே இல்லனா எதப் பிடிக்கும்? ஒவ்வொரு வேளைக்கும் ஒண்ணு. சாப்பிடறப்பவே."

"மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கோல்கீப்பர வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காரில் வீட்டுக்கு வரும் வழியில் அவளே பேசினாள். "டேய், நான் பால் குடிச்சிருந்தா உன் எதிர்லயே உக்காந்து குடிச்சிருப்பேன். உனக்குப் பயப்படற ஆளா நான்?"

மறுநாள் மத்தியானம் நானே பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். இருவரும் இரண்டு பக்கமும் நின்றோம். ஓரத்தில் நுரை கட்டி, நடுவில் ஏடு சுருங்கி, மேலே எழும்பி வரும்போது அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். "அப்பா சட்டை" என்றாள். ஆமாம். அப்பா வீட்டுக்குள் வரும்போது அவர் சட்டையில் அந்த வாசனைதான் இருக்கும். நான் அதை மறந்தே போயிருந்தேன். அடுப்பை அணைத்தேன். பிறகு பூனையைக் கூப்பிட்டோம்.

(இங்கேயே முடித்தால் நல்ல கதை. பத்திரிகையில் வாங்கிப் போடுவார்கள். ஆனால் நடந்தது இங்கே முடியவில்லை.)

5

பாஸ்பரஸ் இறங்கியது. டாக்டர் முகம் மலர்ந்தது. அதற்குள் இடது காலின் சுண்டுவிரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. புதிதாகப் படிவதை நிறுத்தியாயிற்று. பழசு இருந்த இடத்திலேயே இருந்தது. கல்லான குழாய் வழியே விரல்வரைக்கும் ரத்தம் போய்ச் சேரவில்லை.

விரலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அக்கா சர்ஜனிடம் கேட்டாள், "புண்ணு ஆறுமா?"

"ரத்தம் வந்தா ஆறும். பாக்கலாம்."

"வரலனா?"

"இன்னும் மேல எடுக்க வேண்டி வரும்."

எவ்வளவு மேலே என்று அவள் கேட்கவில்லை. அவள் கை போர்வைக்கு மேலாக முழங்காலைத் தேடிப்போய் அங்கேயே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலால்தான் அவள் ஓட்டத்தைத் தொடங்குவாள். இடது கால் முன்னால், விரல் நுனி கோட்டைத் தொடாமல்—

(தொடர முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

6

மூன்று முடிவு எழுதி அவளிடம் கொடுத்தேன்.

முதலாவதில் புண் ஆறிவிடுகிறது. அவள் கைத்தடியோடு பழைய மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறாள். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.

"பரிசளிப்பு விழா மாதிரி இருக்கு. எனக்கே கூச்சமா இருக்குடா."

இரண்டாவதில் கால் போய்விடுகிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறாள்.

"நான் எப்படா வானத்தப் பாத்தேன்? டிவி ரிப்பேரா?"

மூன்றாவது, அவள் இல்லாத வீட்டில் தொடங்குகிறது. முதல் வரியோடு நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இது ரொம்ப சுலபம். யார் வேணா எழுதிடலாம்."

"அப்ப எப்படித்தான் முடிக்கறது?"

"முடிக்காத. நாளைக்குக் கட்டு பிரிக்கறாங்க இல்ல, அதுக்கு முன்னாடி நிறுத்திடு. நீ பயந்துபோய் இருக்க. பயந்தவன் எழுதற முடிவு உருப்படாது. படிக்கறவங்க எழுதிக்கட்டும். அவங்க என்னை இன்னைக்குத்தான் பாக்கறாங்க. இரக்கமா இருப்பாங்க."

அவள் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. எனவே நாளைக்குக் கட்டுப் பிரிக்கப்போகும் அந்த அறை இனி உங்களுடையது. அக்கா கட்டிலின் விளிம்பில் காலை நீட்டிக் காத்திருக்கிறாள். பரபரக்காமல் கட்டைப் பிரியுங்கள். மேல் சுற்றுகள் சுலபமாக வந்துவிடும். கடைசித் துணி மட்டும் புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் தொட்டு நனைத்து, அது தானாக இளகும்வரை பொறுத்திருந்து எடுங்கள்.