மூலை மேஜையில ஒரு நாற்காலி

எங்க வீட்டுக்காரருக்கு அந்த ஹோட்டல் மேல ஒரு பித்து. ரோடு முழுக்க ஏசி, மெத்தை சீட்டுன்னு பளபளன்னு கடைங்க வந்தாச்சு. இவரு மட்டும் "அங்கெல்லாம் விலையைப் படிச்சாலே வயிறு ரொம்பிடும், நீ வா"ன்னு பழைய கடைக்கே இழுத்துட்டுப் போவாரு. எனக்கும் பிடிக்கும், சும்மா சொல்லக்கூடாது. கல்லு மேஜை, எவர்சில்வர் தட்டு, கேக்காமலே ரெண்டாந்தரம் குழம்பு. ஒரே கஷ்டம், உக்கார எடம். அங்க டோக்கனும் கிடையாது, பேரு எழுதி வெக்கிறதும் கிடையாது. யாரு முடிக்கப் போறாங்கன்னு மோப்பம் பிடிச்சு, அவங்க நாற்காலிக்குப் பின்னாடி போய் நின்னுக்கணும். எந்திரிச்சதும் டபக்குன்னு உக்காந்துடணும். கூச்சம் பாத்தா பட்டினிதான்.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கூட்டம் சொல்லி மாளாது. இவரு நடுவுல நீட்டு மேஜையில ஒருத்தர் பின்னாடி நின்னுட்டாரு. நான் மூலையில ரெண்டு பேர் உக்கார்ற சின்ன மேஜைக்குப் போனேன். அம்பது வயசு இருக்கும் ஒரு தம்பி, சாப்பாட்டை முடிச்சு மோருக்கு வந்துட்டாரு. நல்ல ஆளாத்தான் பிடிச்சோம்னு நின்னா, மோரைக் குடிச்சுட்டு "ஒரு தோசை"ங்கறாரு! தோசை முடிஞ்சா வடை. வடை முடிஞ்சா திரும்பத் தோசை. முழுங்க முடியாம கண்ணு பிதுங்குது. எதிர் நாற்காலியில ஒரு பை.

சூப்பர்வைசர் வந்தாரு. "சார், பை ஏதாவது சாப்பிடுதா? எடுங்க."

"ஆள் வராங்க சார்."

"போன தோசைக்கும் இதையேதான் சொன்னீங்க."

எனக்குப் பொறுக்கல. "ஏந்தம்பி, வயித்துக்குள்ள குடோன் கிடோன் வெச்சிருக்கியா?"

"எங்க அக்காவுக்கு இடம் பிடிச்சிருக்கேம்மா. சும்மா உக்காந்தா எழுப்பிடுவாங்க. அதான் சாப்டுக்கிட்டே இருக்கேன்."

விஷயம் இதுதான். இந்தத் தம்பி பொண்ணு கல்யாணப் பத்திரிகையில அக்கா பேரு விட்டுப்போச்சாம். அச்சடிச்சவன் விட்டுட்டான், இவரும் கவனிக்கல. அக்கா கல்யாணத்துக்கும் வரல, அதுக்கப்புறம் பேச்சும் இல்ல. இப்பப் பேத்தியே பொறந்தாச்சு. நேத்துதான் எப்படியோ போனை எடுத்திருக்கா. "வேலைக்கு வந்த புதுசுல நாம சாப்பிடுவோமே, அதே மூலையில இருக்கேன், வாக்கா"ன்னாராம். "பசிச்சா வரேன்"னு டக்குன்னு வெச்சுட்டாளாம்.

"ஏன், வேற மேஜைன்னா ஆகாதா?"

"ஃபேன் காத்து பட்டா தும்ம ஆரம்பிச்சுடுவாம்மா, நிக்கவே நிக்காது. இந்த மூலையிலதான் ஃபேன் இல்ல. வந்து பாத்து இடம் இல்லைன்னா, 'இங்கயும் எனக்கு இடம் இல்லை'ன்னு திரும்பிடுவா. அப்புறம் இந்த ஜென்மத்துல என்கூடப் பேச மாட்டா."

"பையை எடு"ன்னு நான் அந்த நாற்காலியில உக்காந்துட்டேன். "ஒரு சாப்பாடு வாங்கி உருட்டிக்கிட்டு இருக்கேன். அவ வந்ததும் எந்திரிக்கிறேன். நீ வாசல்ல போய் நில்லு, அவளைக் கையோட கூட்டிட்டு வா."

பாதித் தோசையையும் பையையும் தன் இடத்துல காவலுக்கு வெச்சுட்டு ஓடினாரு. அந்தக் கடைக்குப் பக்கத்துச் சந்துல இன்னொரு வாசல் இருக்கறது எங்க ரெண்டு பேர் புத்திக்கும் எட்டல.

கொஞ்ச நேரத்துல முதுகுக்குப் பின்னாடி ஒரு செருமல். ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க.

"என்னம்மா, ஒவ்வொரு பருக்கையாக் குசலம் விசாரிச்சு உள்ள அனுப்புறீங்களா?"

"பல்லு கம்மிம்மா. இருக்கறது ஷிஃப்டு போட்டு மெல்லுது."

"ரசத்தையுமா மெல்லணும்?"

வாயின்னா வாயி! "இதுக்கு ஆள் வருதும்மா, நீ வேற எடம் பாரு"ன்னேன்.

"நாற்காலி என்ன உங்க சீதனமா?"

"ஆமா, எங்கப்பா போட்டது."

சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. "அம்மா, நீட்டு மேஜையில எடம் காலியாச்சு, வாங்க."

"வேண்டாம்ப்பா. அந்த ஃபேனுக்கு அடியில உக்காந்து யாரு தும்மித் தொலைக்கிறது? எனக்குன்னா எங்கயுமே எடம் இருக்காது. நான் கிளம்பறேன்."

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. வாய்க்குப் போன கவளம் அப்படியே நின்னுச்சு. திரும்பினா, அவ சந்து வாசலை எட்டிட்டா. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எப்படி ஓடினேனோ! எச்சக்கையோட அவ புடவையைப் பிடிச்சுட்டேன்.

"அடியே, உனக்குத்தாண்டி அந்த நாற்காலி!"

புடவையில அஞ்சு விரலும் ரசத்துல பதிஞ்சிருக்கு. அதைப் பாத்தா, என்னைப் பாத்தா. "யாருங்க நீங்க?"

"உன் தம்பி வெச்ச காவக்காரி."

சூப்பர்வைசர் கடை அதிர ஒரு கத்து கத்தினாரு பாருங்க: "தோசை சார்! ஆள் வந்தாச்சு!"

தம்பி வாசல்லேர்ந்து விழுந்தடிச்சு வந்தாரு. அக்கா அவரை ஏற எறங்கப் பாத்துட்டுக் கேட்டா, "என்னடா இது தொப்பை?"

"காலையில இல்லக்கா."

அவ மூலையில உக்காந்தா. கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, "ரெண்டு சாப்பாடு கொண்டாப்பா. எனக்குத் தனியா எறங்காது"ன்னா. தம்பி என்னைப் பாத்தாரு. நான் கூரையைப் பாத்தேன். சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கிட்டு அவரே ரெண்டு தட்டு கொண்டாந்து வெச்சாரு.

"என்னடா முழிக்கிற, பசிக்கலையா?"

"உயிரே போகுதுக்கா"ன்னு மொதக் கவளத்தை உருட்டினாரு.

நான் என் தட்டைத் தூக்கிக்கிட்டு நீட்டு மேஜைக்குப் போய், அங்க எடம் பிடிச்சு சாப்பிட்டுக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரர் பின்னாடி நின்னு ஒரு செருமல் போட்டேன். மனுஷன் திரும்பிக்கூடப் பாக்கல.

"அவசரப்படாதீங்க"ன்னாரு, "எனக்கு இன்னும் மோரே வரல."