குருவிக்கு விட்ட இடம்

மழைக்காலம் தொடங்கியதும், எவாரிஸ்தோவின் முடிதிருத்தும் கடைச் சுவரில் தொங்கும் படத்துக்குள் நிற்கிற எட்டுப் பேரும் சட்டையைக் கழற்றிப் பிழிவார்கள். தரையில் சொட்டும் உப்புத் தண்ணீரை எவாரிஸ்தோ வெட்டிய முடியோடு சேர்த்துத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். சாந்தா பிரிஹிதா சர்க்கரை ஆலை ஊர்க்காரர்களான எங்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. அவர்கள் எங்கள் பழைய பேஸ்பால் அணி, 'நண்டுகள்'. இறுதி ஆட்டத்துக்குப் படகில் போனவர்கள் கரை சேரவில்லை. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்று ஆடும் ஷார்ட்ஸ்டாப் மட்டும் எவளோ ஒருத்தி வீட்டில் தூங்கிப்போய்ப் படகைத் தவறவிட்டான். அவன் பட்டப்பெயர் குருவி. உள்ளூரிலேயே கிழவனாகி, கட்டிலில் படுத்துச் செத்தான். படம் படகுத்துறையில் கிளம்புமுன் எடுத்தது. அவன் வந்துவிடுவான் என்று நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.

எவாரிஸ்தோவுக்கு நண்டுகள் என்றால் உயிர். மூழ்கியவர்களின் வீடுகளைத் தேடிப்போய்த் தொப்பி, கையுறை, மட்டை, புகைப்படம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். ஒரு வீட்டில் மார்புக் கவசத்தின்மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை அந்தத் தெருவிலேயே தங்கி அதை வாங்கிவந்தார். ஒவ்வொரு பொருள் கடைக்கு வரும்போதும் படத்தில் இருந்தவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். முதலில் முகமே தெரியாத தூரத்தில் நின்றவர்களுக்குச் சில வருடங்களில் மீசை தெரிந்தது, பிறகு கண் தெரிந்தது. அந்தக் கண்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அவற்றில் பகை இல்லை, காத்திருந்து காத்திருந்து சலித்துப்போன பார்வை. எவாரிஸ்தோ மட்டும் பூரித்துப்போனார்.

"கிட்ட வர்றாங்க பாரு, நிர்ஸா! நம்ம பசங்க வீட்டுக்கு வர்றாங்க!"

கடை வாசலில் வாழைக்காய் பொரித்து விற்கும் அவர் மனைவி நிர்ஸா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யோவ், எதுக்கு வர்றாங்கன்னு கேட்டியா? எனக்கு வீட்ல ஒருத்தன் இருக்கான், அவன் போதும்."

அந்த ஒருத்தன் அவர்கள் மகன் ரடாமெஸ். அவனும் ஷார்ட்ஸ்டாப்தான். வெளிநாட்டு அணி ஒன்று அவனை ஜனவரியில் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எவாரிஸ்தோ, அலைந்து வாங்கிய குருவியின் தொப்பியை அவன் தலையில் வைத்து, ரம் ஊற்றிக் கொடுத்து, "இனிமே இவன்தான்டா குருவி!" என்று தெருவே கேட்கக் கத்தினார். நல்ல ஆட்டக்காரனுக்குப் பழைய சூரனின் பட்டப்பெயரைச் சூட்டுவது எங்களுக்கு ஆசீர்வாதம். எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பெயர் காகிதத்துக்கு மட்டும்தான். சாவு அறிவிப்பில்கூடப் பட்டப்பெயரைத்தான் சொல்வோம். ஆனால் செத்தவர்கள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனின் பெயரை இதற்குமுன் யாரும் எடுத்ததில்லை. மறுநாள் தெருவில் எவனோ "டேய் குருவி!" என்று கூப்பிட, படத்தில் எட்டுத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அதைப் பார்த்த எவாரிஸ்தோவின் கத்தி என் காதில் இறங்கியது. தழும்பு இன்னும் இருக்கிறது.

சேர்த்ததையெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். பற்றவில்லை, மீன் நாற்றம்தான் எழுந்தது. வீடு வீடாகப் போய், அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள் என்று அழுதார். ஊரும் மனமிரங்கியது. "சரி மச்சான், இனிமே குருவின்னு கூப்பிடவே மாட்டோம். குருவிகிட்டயும் சொல்லிடு." பெயர் ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். நிர்ஸா மட்டும் அதை வாயில் எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் திட்டினாலும் ரடாமெஸ்தான்.

அவன் புறப்படுமுன் ஆடிய கடைசி ஆட்டத்துக்கு அவள் எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். பந்து அவன் பக்கம் உருண்டபோது ஊர் முழுக்க "குருவி!" என்று எழுந்தது. அவள் தொண்டை கிழிய "ரடாமெஸ்!" என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை. யாருடைய பெயரோ என்பதுபோல நின்றான். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பந்து இடதுபுறப் புல்லுக்கு ஓடிப்போனது. அதைத் தடுக்க அவன் நின்ற இடத்தில் ஆள் இல்லை, காய்ந்த மண்ணில் முழங்கால் ஆழத்துக்குக் கடல்நீர் கொஞ்ச நேரம் தேங்கியிருந்து வடிந்தது. நடுவர் அதை எதிரணியின் நல்ல அடியாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார். எங்கள் அணி தோற்றது.

படத்தில் இப்போது ஒன்பது பேர். அவர்கள் படகுத்துறைக்கே பின்வாங்கிப் போய், படகைப் பார்த்தபடி நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். எவாரிஸ்தோ எதையும் சேர்ப்பதில்லை. முடி மட்டும் வெட்டுகிறார். நிர்ஸா தினமும் அடுப்பு மூட்டுமுன் படத்தருகே வந்து "ரடாமெஸ்" என்பாள். இரண்டு வருடம் அப்படிக் கூப்பிட்டும் ஒரு முதுகும் அசையவில்லை. போன ஈஸ்டருக்கு முந்தின வாரம், நான் முகத்தில் சோப்புநுரையோடு உட்கார்ந்திருந்தபோது, அவள் வந்து படத்தருகே நின்றாள். பிறகு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல, "குருவி" என்றாள். அவன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். அன்றிலிருந்து அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.