கணக்கு டீச்சர்

"ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. நீ என்ன பாடம் நடத்துறேன்னு கேட்டா, கணக்குன்னு சொல்லிடு."

மாமியார் இதைச் சொன்னபோது மருமகளின் வாயில் பிரஷ் இருந்தது. பதில் வர முடியாத நேரமாகப் பார்த்துப் பேசுவது அந்த அம்மாளுக்குக் கைவந்த கலை.

வாயைக் கொப்பளித்துவிட்டு, "ஏன் அத்தை கணக்கு?" என்றாள் மருமகள்.

"கணக்குன்னா யாரும் மேற்கொண்டு கேக்க மாட்டாங்க. குடிகாரங்களைப் பத்திப் பாடம் எடுக்கிறேன்னு சொன்னா, வீட்டுல யாரு குடிக்கிறான்னு தேடுவாங்க."

தேட அதிக நேரம் ஆகாது. பெண் பார்ப்பது யாருக்கோ அந்தச் சின்னவன், மாமியாரின் இளைய மகன், அடுத்த அறையில் செருப்புக் காலோடு தூங்கிக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன்; கெட்டிக்காரன். கை நடுக்கத்தால் இரண்டு வேலைகள் போயிருந்தன. வீட்டில் அவனுக்கு முடிவு செய்திருந்த வைத்தியம் ஒன்றுதான். ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மருமகள் பல்கலைக்கழகத்தில் நடத்துவது போதை மறுவாழ்வு ஆலோசனை. அன்று வகுப்பில் ஒருவன் குடிகாரனாகவும், ஒருத்தி அவன் மனைவியாகவும், இன்னொருவன் ஆலோசகனாகவும் நடித்தார்கள். ஆலோசகன் கால் மணி நேரம் விடாமல் உபதேசம் செய்தான். குடிகாரன் நிஜமாகவே தூங்கிவிட்டான்.

"அறிவுரையில குடி நிக்கும்னா நமக்கெல்லாம் வேலையே இருக்காது. முதல்ல கேளுங்கப்பா, அவனைப் பேச விடுங்க" என்றாள். வகுப்பே சிரித்தது.

மனைவியாக நடித்த பெண் கை தூக்கினாள். "மேடம், வீட்டுல எல்லாரும் மூடி மறைச்சே அவரைக் குடிக்க விடறாங்கன்னு சொன்னீங்க. அப்ப முதல்ல யாரு வாயைத் திறக்கணும்?"

"தெரிஞ்சவங்கதான்" என்றாள் சட்டென்று. சொன்ன பிறகு பலகையை அழிப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிறு காலை, சவரம் செய்துகொண்டிருந்த சின்னவனிடம் போனாள். "தம்பி, அவங்க கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

கன்னத்தில் இரண்டு வெட்டுக் காயங்களோடு அவன் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தான். "சொல்லிடுங்க அண்ணி. பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு."

பெண்ணும், அவள் அப்பாவும், அத்தையும் வந்தார்கள். அப்பா மரியாதைக்குக் கேட்டார்: "நீங்க என்ன பாடம் நடத்துறீங்கம்மா?"

"கணக்குங்க" என்றாள் மாமியார், முந்திக்கொண்டு.

மருமகள் டீத் தட்டைக் கீழே வைத்தாள். "இல்லீங்க. குடிக்கு அடிமையானவங்களை மீட்கிறது எப்படின்னு நடத்துறேன். எங்க தம்பிக்கும் அந்தப் பழக்கம் இருக்கு. நல்ல மனுஷன். ஆனா முதல்ல சிகிச்சை வேணும். கல்யாணம் அப்புறம்தான்."

மாமியாருக்கு முகம் செத்துப்போனது. மூத்த மகன், அதாவது மருமகளின் கணவன், மின்விசிறியை முதல்முறை பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண்ணின் அத்தை பெருமூச்சு விட்டாள். "இவ்வளவுதானா? நான் என்னவோன்னு பயந்துட்டேன்! எந்த ஆம்பளை குடிக்கல? படிச்ச அண்ணி வீட்டோட இருக்கீங்க. எங்க பொண்ணும் பொறுமைசாலி. ரெண்டு பேருமாச் சேந்து திருத்திட மாட்டீங்களா?"

அப்பா தலையாட்டினார். மாமியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் பெண் பேசினாள். "அத்தை, நான் மருந்துக் கடையில வேலை பாக்கிறேன். கேக்கிறவங்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பேன். நானே மருந்தாகிற உத்தேசம் இல்லை." சின்னவன் பக்கம் திரும்பி, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள்.

"இல்லீங்க. நீங்க சொல்றதுதான் சரி" என்றான் அவன். யாருடைய டீயும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

அவர்கள் போனதும் அவன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். "அண்ணி, என்னை மாதிரி ஆளைப் பத்தி வகுப்புல என்ன சொல்லுவீங்க?"

"உங்களுக்கு ஒரு மணி நேரம் போதும் தம்பி. உங்கம்மாவுக்குத்தான் ஒரு வாரம் ஆகும்."

வெகுநாள் கழித்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு, "நாளைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான்.

தொண்ணூறு நாள் சிகிச்சை. தெருவே பார்க்கத் தள்ளாடி வந்தபோதெல்லாம் போகாத மானம், அவன் குடியை நிறுத்தப் போனதும் போய்விடும் என்று மாமியார் பயந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், "வெளியூர்ல பெரிய வேலை கிடைச்சிருக்கு" என்றாள். விளைவு, மூன்றே வாரத்தில் இரண்டு ஜாதகம் வந்தது. தரகர் நேரிலேயே வந்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்கு எந்த ஊர்லம்மா வேலை?" என்று நோட்டைத் திறந்தார்.

மாமியார் எச்சில் விழுங்கினாள். மருமகளைக் கெஞ்சலாகப் பார்த்தாள்.

மருமகள் மறுவாழ்வு இல்லத்தின் பெயரையும் விலாசத்தையும் நிதானமாக, எழுத்துப் பிழை வராதபடி சொன்னாள். தரகரின் பேனா பாதியில் நின்றது.

"முழுசா எழுதிக்குங்க" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை பத்து மணியிலேருந்து பன்னெண்டு வரைக்கும் பார்க்கலாம். அத்தையும் இன்னும் ஒருதடவைகூடப் போகல. வர்றப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போங்க."